காற்றுப்பக்கம் ஓடுகிறவள்

என் மனைவி சிவரூபி எனக்கு வைத்திருக்கும் பட்டம் விடுப்புக்காரன். அடுத்த வீட்டுக் குசினியில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காதாம். அது அபாண்டம். எனக்கு அடுத்த வீட்டுக் குசினி வேண்டாம். ஆனால் கண்முன்னே ஒன்று நடக்கிறது, அது ஏன் நடக்கிறதென்று தெரியவில்லை என்றால், அதை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. மேர்சியின் விஷயமும் அப்படித்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மேர்சி சுருவில் ஊர்க்காரி. முப்பத்துநான்கு வயது, இரண்டு பிள்ளைகள், கணவர் றஜீபன் கடலுக்குப் போகிறவர். அவளுக்குக் காலையில், கரையில் நண்டு சேர்க்கிற வாடியில் நண்டு தரம் பிரிக்கிற வேலை. வேலை முடிந்து மற்றப் பெண்கள் சற்றுச் சரிந்து படுக்கிற நேரத்தில் இவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறை வரைக்கும் போய்த் திரும்புவாள். சாமான் வாங்கப் போகிறாளாக்கும் என்று சனம் நினைத்தது. கையில் பையுமில்லை, போன வேகத்திலேயே திரும்பியும் வருகிறாள் என்றதும் ஊர் தலையைச் சொறிந்தது.

எங்கள் தீவுகளுக்கென்று ஒரு சைக்கிள் கழகம் இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, இருபது பேர், ஒரு கொடி, ஒரு விசில். வேலணையில் கந்தோரில் மேசை வேலை பார்க்கிற நான்தான் அதற்கு நேரம் குறிக்கிறவன். கழகத்திடம் பெண்களுக்கு ஒரேயொரு ரேஸ் சைக்கிள்தான் உண்டு. கனடாவில் இருக்கிற ஒருவர் அனுப்பிய சிவப்புச் சைக்கிள், ஒரு கையால் தூக்கிவிடலாம். அதை ஒருவருக்கு ஒரு பருவத்துக்குத்தான் கொடுப்பார்கள். பருவ முடிவில் அவர் மாகாண அணிக்குத் தெரிவானால் சைக்கிள் அவரிடமே இருக்கும். தெரிவாகாவிட்டால் அடுத்தவர் கைக்குப் போய்விடும். கழகத்தில் சேர்ந்திருந்த மேர்சியிடம் இந்த வருடம் அது வந்தது. வாங்கிய நாளிலிருந்து அவள் அதை வெளியில் நிறுத்தியதில்லை. படுக்கிற அறையில், அலுமாரிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தாள். தன் வாழ்க்கையில் தனக்கென்று வந்த முதல் சாமான் அதுதான் என்று ஒருமுறை சொன்னாள். அதைத் திருப்பிக் கொடுக்கிற நாளைப் பற்றி யாரும் பேச்செடுத்தால் எழும்பிப் போய்விடுவாள்.

பருவத்தில் ஐந்து சைக்கிளோட்டங்கள். இரண்டு தனிநேர ஓட்டம்: ஒவ்வொருவராக இரண்டு நிமிட இடைவெளியில் விட்டு, யார் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறார் என்று பார்ப்பது. மூன்று வீதியோட்டம்: எல்லாரையும் ஒன்றாக விட்டு, முதலில் கோட்டைத் தாண்டுகிறவருக்கு வெற்றி. புள்ளிகளைக் கூட்டி முதல் மூன்று பெண்களை அணிக்கு எடுப்பார்கள்.

வைகாசியில் முதல் தனிநேர ஓட்டம். மேர்சி எல்லாரையும் வென்றாள். எங்களுடைய பெரிய நம்பிக்கையான வேலணைக் கஜானி, பத்தொன்பது வயதுக் குமர்ப்பிள்ளை, அவளைவிட நாற்பத்தெட்டுச் செக்கன் பிந்தி வந்தாள். எனக்கு என் மணிக்கூட்டிலேயே சந்தேகம் வந்தது. இரண்டு கிழமை கழித்து வீதியோட்டம். அதே வீதி, அதே பத்துப் பெண்கள். மேர்சி எட்டாவது. ஆனியில் மறுபடி தனிநேர ஓட்டம். மேர்சி மறுபடி முதலாவது. தனியே விட்டால் புலி, கூட்டத்தில் விட்டால் பூனை. இதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?

முதலில் சைக்கிளைச் சந்தேகித்தேன். திருத்துகிற கிளின்ரனிடம் கொண்டுபோய்ச் செயின், கியர், பிறேக் எல்லாம் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். சைக்கிளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, மருந்து எனக்குத்தான் வேணும் என்று சொல்லி அனுப்பினான். பிறகு சாப்பாட்டை விசாரித்தேன். வென்ற நாளும் புட்டும் மீன்குழம்பும்தான், தோற்ற நாளும் புட்டும் மீன்குழம்பும்தான். கூட்டத்தில் விழுந்துவிடுவேன் என்ற பயமோ என்று யோசித்தேன். உயிர் நண்டை வெறுங்கையால் பிடித்துக் கட்டுகிறவளுக்கு என்ன பயம்? கடைசியில் அவளையே கேட்டேன்.

"கடைசி மைல் கட்டையில கால் செத்துப்போகுது, அண்ணை. ஏனெண்டு எனக்கும் தெரியேல்லை" என்றாள்.

நேரம் குறிக்கிறவனுக்கு ஓட்டத்தின் தலையும் வாலும்தான் தெரியும், நடுவில் நடப்பது தெரியாது. ஆடியில் நடந்த இரண்டாவது வீதியோட்டத்தில் மணிக்கூட்டை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, முதலுதவிக்காரரின் ஓட்டோவில் ஏறிப் பின்னால் போனேன். சோழகக் காற்று பேயாக அடித்தது. தெற்கே கடலில் இருந்து, போகும்போது எங்கள் இடப்பக்கத்தில் அறைந்தது. பத்துப் பேரும் ஒரு கொத்தாக ஓட, மேர்சி இடப்பக்க ஓரத்தில் ஓடினாள். தற்செயல் என்று நினைத்தேன். எல்லையில் கொடியைச் சுற்றித் திரும்பினார்கள். இப்போது காற்று வலப்பக்கம். மற்ற ஒன்பது பேரும் கொத்துக்குள் தங்கள் தங்கள் இடத்திலேயே ஓடினார்கள். மேர்சி மட்டும் மெல்லப் பின்வாங்கி, கொத்தைச் சுற்றிக்கொண்டு, வலப்பக்க ஓரத்துக்கு வந்து சேர்ந்தாள். நான் ஓட்டோவுக்குள் எழும்பி நிற்கப்போய்த் தலையை இடித்துக்கொண்டேன்.

வீதியோட்டத்தில் முதற்பாடமே காற்றுக்கு ஒளிப்பதுதான். காற்றை வாங்குகிறவர் களைத்துப்போவார். அவருடைய மறைவில் வருகிறவர் காலைச் சேமித்து வைத்துக் கடைசியில் பாய்வார். இவளோ காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தைத் தேடித் தேடிப் போகிறாள். ஒன்பது பேருக்கும் வேலியாக ஓடிவிட்டு ஏழாவதாக வந்தாள். எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

ஏன் என்பது திங்கட்கிழமை காலையில் கந்தோர் வாசலில் விளங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் சைக்கிளில் போனார்கள். பெரிய பெட்டை கடற்பக்கம், நடுவிலான் நடுவில், சின்னது உட்பக்கம். காற்றைப் பெரியவள் வாங்க, சின்னது சுகமாகப் போனது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். நானும் இப்படித்தானே பள்ளிக்கூடம் போனவன். ஆனால் நான் வீட்டில் கடைக்குட்டி; காற்றுப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் கவனித்ததில்லை.

அன்று பின்னேரமே சுருவிலுக்குப் போனேன். மேர்சி ஐந்து பிள்ளைகளில் மூத்தவள் என்பது அங்கேதான் தெரிந்தது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது எந்தப் பக்கம் ஓடினாள் என்று கேட்டேன்.

"காத்துப்பக்கம்தான். இதென்ன கேள்வி? சின்னதுகளைக் காத்து தள்ளிப்போடுமெல்லோ. பெரிய ஆள்தான் காத்துப்பக்கம் வரவேணும்."

ஓட்டத்திலும் அதையேதான் செய்கிறாள் என்று நான் சொல்ல, அவள் நம்பவில்லை. சிரித்தாள். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த றஜீபன், கலியாணம் கட்டிய நாளிலிருந்து சைக்கிளில் கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் தான் காற்றில்லாத பக்கத்தில்தான் ஓடுவதாகவும், அது நல்ல சுகமாகத்தான் இருப்பதாகவும் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அப்போதுதான் அவளுடைய சிரிப்பு நின்றது. தான் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று தனக்கே தெரியாது, கைப்பிடி தானாகத் திரும்புகிறது என்றாள். இனி மற்றவர்களின் மறைவில் ஓடிப் பார்க்கச் சொன்னேன்.

"அந்தச் சின்னப் பெட்டைக்குப் பின்னால நான் ஒளியிறதோ? வெக்கமில்லையோ, அண்ணை? எனக்கு ஏலாது."

வெட்கமா, சைக்கிளா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கடுமையாகத்தான் கேட்டேன். வேறெப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆவணியில் கடைசி வீதியோட்டம். அல்லைப்பிட்டியில் தொடங்கி, மண்கும்பான், வேலணை தாண்டி, கடலை ஊடறுத்துப் போகும் நீளப் பாலத்தால் புங்குடுதீவுக்குள் போய், குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. மேர்சி புள்ளிகளில் நாலாவது. முதல் இரண்டு பேருக்குள் வந்தால் அணி. இல்லையென்றால் அடுத்த நாளே சிவப்புச் சைக்கிள் கழகத்துக்கு வரவேண்டும். நான் மறுபடி ஓட்டோவில் ஏறிக்கொண்டேன்.

வேலணை வரைக்கும் அவள் இடப்பக்க ஓரத்தில்தான் ஓடினாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்தவேண்டும்போல எனக்கு வாய் உன்னியது. கழகத்தின் ஆள் ஓட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. பாலத்தின் வாயில், அலை தெறித்து வீதி நனைந்திருந்த இடத்தில், அவள் மிதிப்பதை நிறுத்தினாள். கொத்து முன்னே போனது. அவள் பின்னால் சுற்றி, கஜானியின் வலப்பக்கத்தில், சற்றுப் பின்னே வந்து ஒட்டிக்கொண்டாள். பாலம் முழுக்க அவளுடைய முன்சில்லு இடப்பக்கம் நழுவி நழுவிப் போனது. ஒவ்வொரு முறையும் பிடித்து இழுத்தாள். வேடிக்கை என்னவென்றால், கஜானி ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு இதெல்லாம் ஓட்டத்தில் சாதாரணம்.

இறங்குதுறைக்கு முந்நூறு மீற்றர் இருக்க மேர்சி வெளியே பாய்ந்தாள். நெடுந்தீவுப் படகுக்குக் காத்துநின்ற சனம் மூட்டை முடிச்சுகளைப் போட்டுவிட்டு வீதிக்கு ஓடிவந்தது. ஒரு சில்லு நீளத்தால் கஜானியை வென்றாள்.

தண்ணீர்ப் போத்தலோடு ஓடிப்போனேன். துள்ளுவாள், அழுவாள், சைக்கிளைக் கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து தன் கால்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, கால் சாகேல்லையே. பாலத்தில காத்து விழுந்திட்டுதோ?"

"இல்லையே. வரவரக் கூடத்தான் அடிச்சது."

அவள் போத்தலை வாங்கவில்லை. மதிலில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு வந்த பாதையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்ப மற்றவைக்கு எப்பவும் இப்பிடித்தானோ, அண்ணை?" என்று கேட்டாள்.