நான் கையெழுத்துப் போட்ட கதவு

எண்பதுகளின் நடுவில், செமோரைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வீடு ஈப்போ நகரில். ஏழு வயது மகளும் அதே பள்ளிதான். காலையில் இருவரும் எங்கள் வெள்ளைக் காரில் புறப்படுவோம்.

ஒரு மாலை, ஜெலாப்பாங் முச்சந்தியில் நான் தனியாக வந்துகொண்டிருந்தேன். மண் ஏற்றிய லோரி ஒன்று சிவப்பு விளக்கை மதிக்காமல் வந்து இடப்பக்கம் மோதியது. எனக்கு நெற்றியில் சிறு காயம். பின்கதவு நசுங்கி உள்ளே போய்விட்டது. இன்சூரன்ஸ்காரர்கள் தங்களுக்குப் பழக்கமான பட்டறைக்குக் காரை அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துப் போனபோது கார் பளபளவென்று நின்றது. அங்கே மேற்பார்வை பார்த்த தமிழர் ஒரு தாளை நீட்டினார்.

“இங்க ஒரு சைன் போடுங்க டீச்சர். காடி நல்லபடியா கெடச்சிருச்சின்னு.”

படித்துப் பார்க்காமலேயே போட்டேன். கேள்வியை முழுக்கப் படித்துவிட்டு எழுது என்று பிள்ளைகளிடம் தினமும் கத்துகிறவள் நான்.

நான்காம் நாள் காலை, செமோர் வளைவில் திரும்பும்போது பின்னாலிருந்து குபீரென்று காற்று அடித்தது. அந்தப் பின்கதவு விரியத் திறந்து ஆடிக்கொண்டிருந்தது. மகளின் புத்தகப்பை சாலையில் உருண்டது. ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தேன். என் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காதோ என்னவோ.

அன்று மாலையே பட்டறைக்குப் போனேன்.

“சைன் போட்டுட்டீங்களே டீச்சர். இனிமே நாங்க என்னா செய்ய முடியும்?” என்றார் மேற்பார்வையாளர்.

“கதவு புதுசா, பழசா? அத மட்டும் சொல்லுங்கண்ணே.”

“புதுசுதான்லா.”

கீலுக்குப் பக்கத்தில் சாயம் உப்பியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். வெள்ளைக்கு அடியில் பச்சை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் என் கணவர், “விடு, வேற எடத்துல குடுத்துச் செஞ்சிக்கலாம். பட்டறைத் தவுக்கேகூட யாரு சண்ட போடுறது?” என்றார்.

“நான் போடுறேன்,” என்றேன்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் இன்சூரன்ஸ் அலுவலகம். சேதத்தைப் பார்வையிட்டவர் எதை மாற்றச் சொல்லி எழுதினார் என்று கேட்டேன். அதெல்லாம் வெளியே காட்டமாட்டோம் என்றார் குமாஸ்தா. நான் நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த கட்டுரை நோட்டுகளைத் திருத்தத் தொடங்கினேன். அடைக்கும் நேரத்தில் அதிகாரி வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“இன்னும் போகேல்லையோ டீச்சர்?”

நடந்ததைச் சொன்னேன். அவர் என் காரின் கோப்பினை எடுத்துவரச் செய்து நின்றபடியே படித்தார்.

“புதுக் கதவு எண்டுதான் எழுதிக் கிடக்கு. சனிக்கிழமை பட்டறைக்கு நானே வாறன்.”

வந்தார். பட்டறையின் சீன முதலாளியான தவுக்கே என் கையெழுத்தை விரலால் தட்டிக் காட்டி, டீச்சரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று மலாயில் சொன்னார்.

“நான் புதுக் கதவுக்குத்தான் சைன் போட்டேன். பழசுன்னு யாரும் எங்கிட்ட சொல்லல,” என்று நானும் மலாயிலேயே பதில் சொன்னேன்.

பிறகு, நான் எதிர்பார்க்காத ஆள் வாய் திறந்தார். மேற்பார்வையாளர்.

“பழைய காடியில கழட்டுனதுதான் சார். பூட்டு சரியா பொருந்தல. நான் அப்பவே சொன்னேன், தவுக்கே கேக்கல.”

தமிழ் ஓரளவு புரிந்த முதலாளி அவரை முறைத்தார். ஆனால் அதன்பிறகு மறுக்கவில்லை.

புதுக் கதவு வந்து சேரப் பத்து நாளானது. அதுவரை நானும் மகளும் பஸ்ஸில் போனோம். காரை எடுக்கப் போன அன்று கதவைப் பத்துத் தடவை திறந்து மூடினேன். செமோர்வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தேன். மேற்பார்வையாளர் தாளோடு காத்திருந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்து, ‘ஓட்டிப் பார்த்த பிறகு’ என்று என் கையால் எழுதிச் சேர்த்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மகள் மட்டும் பல மாதங்கள் பின் இருக்கையின் நடுவிலேயே உட்கார்ந்து வந்தாள். கதவோரத்துக்கு நகரச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.