தொண்ணூற்றெட்டும் அறுபத்தொன்றும்

செஞ்சி கூட்டு ரோட்டில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டரில் வருசத்துக்கு இரண்டு முறை கூட்டம் நெரியும். மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு. ஜூலையில், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்காக நாடு முழுக்க ஒன்றாக நடத்துகிறார்களே, அந்த நுழைவுத் தேர்வு ரிசல்ட்டுக்கு. எல்லார் கையிலும் போன் இருக்கிறதுதான். இருந்தாலும் பிரிண்ட் எடுத்துக் கையில் பிடித்தால்தான் நம்பிக்கை வரும் என்று வருகிறவர்கள் உண்டு. பீமாராவ் அண்ணன் அந்த ரகம்.

அவர் தொண்டூர்க் காலனிக்காரர். செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய அப்பா ஆதிமூலம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எங்கேயோ ஒரு கூட்டத்தில் அம்பேத்கரின் முழுப் பெயரைக் கேட்டுவிட்டு வந்து, அதில் பாதியை எடுத்துப் பிள்ளைக்கு வைத்தார். பிள்ளையின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. அதைப் பற்றி அண்ணன் குறைப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மகள் கலைமதி படிக்கிறாள் என்ற நினைப்பே அவருக்குப் போதுமாக இருந்தது.

கலைமதியைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். காலையில் அப்பாவின் ஆட்டோவிலேயே பள்ளிக்கு வருவாள். ஆள் சேரும்வரை வண்டி ஸ்டாண்டில் நிற்கும். மிளகாய் மூட்டைக்கும் கோழிக்கூடைக்கும் நடுவில் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய, எதையாவது மனப்பாடம் செய்துகொண்டிருப்பாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் சிரிப்பாள். பதில் வராது. "வாய்ல இருக்கிற பாடம் கொட்டிடும்னு பயம் அதுக்கு" என்பார் அண்ணன்.

இரண்டு வருசம் முன்னால் மே மாதம் ஸ்கிரீனில் அவள் பெயர் வந்தபோது நான்தான் முதலில் பார்த்தேன். அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தெட்டு. இயற்பியலில் தொண்ணூற்றெட்டு. அவள் படித்த அரசுப் பள்ளியில் அதுவரை யாரும் எடுக்காத மார்க். அண்ணன் காகிதத்தை வாங்கி, கடைக்கு வெளியே போய் வெயிலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "இன்னொண்ணு எடும்மா வளரு. அவங்க அம்மாவுக்கு ஒண்ணு" என்றார். அன்று அவலூர்பேட்டைக்குப் போன யாரிடமும் அவர் காசு வாங்கவில்லை என்று மற்ற டிரைவர்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

ஜூலையில் மறுபடி வந்தார். இந்த முறை மகளும் கூட இருந்தாள். பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லி அவள் அந்த நுழைவுத் தேர்வை எழுதியிருந்தாள். நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். இயற்பியலுக்கு நேராக அறுபத்தொன்று என்று இருந்தது.

"இன்னாம்மா இது, அறுவத்தொண்ணு?" என்றார் அண்ணன். "அதே பாடம்தானே?"

"மார்க் இல்லண்ணே. பர்சண்டைல்னு சொல்வாங்க. இந்தியா பூரா எழுதினவங்கள்ல நூத்துக்கு அறுவத்தோரு பேருக்கு மேல பாப்பா இருக்குது."

"மீதி முப்பத்தொம்பது பேரு?"

"அவங்க பாப்பாவுக்கு மேல இருக்காங்க."

"நம்ம தாலுக்காலயே இதுக்கு மேல ரெண்டு பேர் இருந்தா பெருசு. இவங்கெல்லாம் எங்கேருந்து வராங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. கலைமதி காகிதத்தை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆனாலும் இடம் கிடைத்தது. இடஒதுக்கீட்டில், கடைசிச் சுற்றில், வடக்கே ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட இயற்பியல் படிப்பு. திண்டிவனம் அரசுக் கல்லூரியிலும் இடம் இருந்தது. அவளுடைய அம்மா, அம்மாக்கண்ணு, அதுதான் நல்லது என்றாள். "பஸ்ல போயிட்டு பஸ்ல வரும். கண்ணு முன்னால இருக்கும்." அண்ணன் கேட்கவில்லை. "சென்ட்ரல் கவர்மென்ட் படிப்புடி. நம்ம காலனில எவன் போயிருக்கான்?" கலைமதிக்கும் ஆசை இருந்தது. அதை நான் சொல்லத்தான் வேண்டும். பெட்டி வாங்க வந்தபோது என் கடைக்கும் வந்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் படங்களைக் கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னாள். லேபின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுடைய பள்ளியில் லேப் இருந்தது, பூட்டிய அறையாக.

போய்ச் சேர்ந்ததும் தினமும் போன் வந்தது. "நல்லா இருக்கேன் நைனா. சாப்டேன் நைனா." தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கு வந்தாள். அண்ணன் ஆட்டோவைக் கழுவி, அம்மாக்கண்ணுவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போனார். நடந்ததைப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார்.

வண்டி வல்லம் தாண்டும்வரை அவள் வாய் திறக்கவில்லை. அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். திடீரென்று, "நைனா, நான் திரும்பிப் போகல" என்றாள்.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். "யாராவது எதுனா சொன்னாங்களா?"

"சொன்னாங்க. கோட்டாவுல வந்ததுன்னு சொன்னாங்க. அது பரவால்ல, அது இங்கயும்தான் சொல்றாங்க. அது இல்ல நைனா. எனக்குப் பாடம் புரியல."

"இங்கிலீஷா?"

"இங்கிலீஷ் கூட ஒரு மாதிரி புடிச்சிடுவேன். சார் போர்டுல எழுதிக்கினே, இதெல்லாம் உங்களுக்கு ஸ்கூல்லயே தெரிஞ்சிருக்கும்னு தாண்டிப் போயிடறாரு. எல்லாரும் தலையாட்டறாங்க. எனக்குத் தெரியாதது அதுதான். பதினொண்ணாவதுல எங்களுக்குப் பாதி வருசம் பிசிக்ஸ் டீச்சரே இல்ல. பன்னண்டாவதுல புக் பேக் கேள்வி எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணேன். அதுதான் வந்துச்சு. எழுதிட்டேன். அங்க அந்த மாதிரி ஒரு கேள்வி கூட வரல. கேள்வி இன்னா கேக்குதுன்னே தெரியாம மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன் நைனா."

அண்ணனுக்கு இதில் பாதிதான் புரிந்தது. மகள் பயந்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது. "ஒரு பரீட்சை போனா இன்னா? அடுத்ததுல எடு. நீ எடுக்காத மார்க்கா?" என்றார். வண்டியைக் கிளப்பினார்.

பொங்கல் முடிந்தது. வீட்டில் அம்மாக்கண்ணு ஒரு முறைதான் சொன்னாள். "புள்ள வேணாம்னா உட்டுடுய்யா." அண்ணன் கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை, அதனால் வீடே அடங்கிப்போனது. கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை என்று பிறகு சொன்னார். தான் எட்டாம் வகுப்பில் நின்றது அப்போதுதான் அவருக்கு வலித்ததாம். இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து, மகளைத் தானே கூட்டிக்கொண்டு போய் ஹாஸ்டல் வாசலில் விட்டார். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றார். அவள் பார்க்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஹாஸ்டல் வார்டனிடமிருந்து போன் வந்தது. இந்தியில் வந்த பேச்சு அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் கடைக்கு ஓடிவந்து போனை என் காதில் வைத்தார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னேன். கலைமதி பல நாளாக வகுப்புக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை, வந்து அழைத்துப் போங்கள்.

"உயிரோட இருக்குது இல்ல?" என்று கேட்டார் அண்ணன்.

"இருக்குதுண்ணே. இருக்குது."

ஆட்டோவை என் கடை வாசலிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

அங்கே சான்றிதழ்களைத் திரும்ப வாங்க அலுவலகத்துக்கும் துறைக்கும் அலைந்திருக்கிறார். துறையில் பாலக்காட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் பேராசிரியையாக இருந்தார். தமிழ் பேசுவார். அண்ணனை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "உங்க மகள் படிக்காம இல்ல. லைப்ரரில எப்பவும் அந்தப் பெண்தான் இருக்கும். மத்த பிள்ளைங்க ரெண்டு வருஷம் கோச்சிங்ல இதெல்லாம் முடிச்சிட்டு வர்றாங்க. நாங்க அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம்" என்றாராம்.

"அப்ப எங்க பொண்ணு எங்கேருந்து ஆரம்பிக்கணும் மேடம்?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

அந்த அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். கையெழுத்துப் போடும்போது அவர் கண் கலங்கியிருந்தது என்று அண்ணன் சொன்னார். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் கஷ்டமாக இருந்ததா, எனக்குத் தெரியவில்லை.

கலைமதி வந்தபோது நானே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சுடிதார் தோளில் தொங்கியது. காலனிச் சனங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே பெரிய கேள்வியாக இருந்தது என்று அம்மாக்கண்ணு சொல்லி அழுதாள். பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் அட்டைப்பெட்டியில் பரணுக்குப் போயின. அண்ணன் மகளிடம் அளந்துதான் பேசினார். கோபமில்லை. எதைப் பேசினாலும் அது அங்கேதான் போய் முடியும் என்ற பயம்.

ஜூன் மாதத்தில் நான்தான் ஆள் அனுப்பி அவளை வரச் சொன்னேன். திண்டிவனம் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட கடைசி வாரம் அது. "ஒரு வருசம்தான் போச்சு, கலை. உன் மார்க்குக்கு முதல் நாளே கூப்பிடுவாங்க" என்றேன்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "அந்த மார்க்க எடுத்துனு போய் இன்னொரு எடத்துல காட்ட எனக்குக் கூச்சமா இருக்குதுக்கா."

"ஏன்டி? நீ எடுத்த மார்க்."

"அதாங்க்கா கேக்கறேன். தொண்ணூத்தெட்டு நெசம்னா அங்க ஏன் எனக்கு ஒண்ணுமே தெரியல? அறுவத்தொண்ணு நெசம்னா இங்க ஏன் எல்லாரும் எனக்கு மாலை போட்டாங்க? விடிகாலைல எழுந்து படிச்சேன்க்கா. யாரையும் ஏமாத்தல. ஆனா அங்க உக்காந்திருந்தப்ப யாரையோ ஏமாத்திட்டு வந்த மாதிரியே இருந்துச்சு."

நான் என்னென்னவோ சொன்னேன். இரண்டும் வேறு வேறு தேர்வு, கேள்வி கேட்கிற விதம் வேறு, அதற்குப் பழக்கிவிட ஆள் வேண்டும், உனக்கு அந்த ஆள் கிடைக்கவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். வகுப்பில் எல்லாரும் தலையாட்டினார்கள் என்று சொன்னாளே, அதே மாதிரித்தான் ஆட்டினாள். விண்ணப்பம் போடவில்லை. பள்ளித்தோழி ரஞ்சிதத்தோடு சேர்ந்து, செய்யாறு பக்கம் இருக்கிற ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கம்பெனி பஸ் விடியும் முன்னே அவலூர்பேட்டை வழியாகப் போகும். அண்ணன் அவளை ஆட்டோவில் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் முதல் டிரிப்பை ஆரம்பிப்பார். ஷூவுக்கு மேல்தோல் ஒட்டுகிற பிரிவில் அவளைப் போட்டிருந்தார்கள். கைகளில் பசை வாடை போகவில்லை என்று அம்மாக்கண்ணு எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்துவிடுவாள்.

இந்த வருசம் மே மாதம் ரிசல்ட் வந்த அன்று மாலை, பக்கத்து டீக்கடை டிவியில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. நம் மாநிலத்தில் தேர்ச்சி விகிதம் இவ்வளவு, அகில இந்தியத் தேர்வில் நம் பிள்ளைகள் இவ்வளவு என்று இரண்டு கம்பங்களை வரைந்து காட்டினார்கள். ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஒருவர், மாநிலத்தில் மார்க்கை வாரி இறைக்கிறார்கள், பாடத்தின் தரம் போய்விட்டது என்றார். இன்னொருவர், காசு கட்டிக் கோச்சிங் போகிறவனுக்காகவே வைக்கிற தேர்வு அது, நம் பிள்ளைகளை வடிகட்டத்தான் வைக்கிறார்கள் என்று கத்தினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கொருவர் இங்கொருவராகக் கட்சி பிரிந்தார்கள்.

பீமாராவ் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் கடைக்குள் வந்தார்.

"வளரு, அந்த ரெண்டு பேர்ல யார் சொல்றது நெசம்?"

"ரெண்டு பேர் சொல்றதுலயும் நெசம் இருக்குதுண்ணே" என்றேன். "இங்க சொல்லிக் கொடுத்தது பத்தல. அங்க கேக்கறதும் நம்ம மாதிரி வீட்டுப் புள்ளைய நெனச்சுக் கேக்கல."

"அப்ப பாப்பா மேல தப்பு இல்ல. இல்ல?"

"இல்லண்ணே."

"நான் கொண்டுபோய் விட்டேனே, திருப்பி. அது வேணாம்னுச்சு."

அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போனார்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்குப் போகும் வழியில் இதை மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாராம். என்ன வார்த்தையில் சொல்வது என்று படுக்கையில் யோசித்திருக்கிறார். சாலையில் நெல் லாரி ஒன்று குறுக்கே நின்றதால் ஆட்டோவை நிறுத்த வேண்டி வந்தது. அப்போது திரும்பி, "கலை, உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. டிவில கூட சொன்னாங்க. நைனாதான் புரியாம உன்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுட்டேன்" என்றார்.

கலைமதி டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாரியின் பின்விளக்கு அவள் முகத்தில் சிவப்பாக விழுந்தது.

"தெரியும் நைனா" என்றாள். "தெரிஞ்சு இன்னா ஆவப் போவுது. லாரி நகுந்துடுச்சு பாரு, வண்டிய எடு. பஸ் போயிடும்."

அண்ணன் வண்டியை எடுத்தார்.