சுமைதாங்கிக்கு நாங்கள் போட்ட பூட்டு

பாரிவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எதிரே ஒரு பழைய சுமைதாங்கிக் கல் இருக்கிறது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் பிறர் உதவியில்லாமல் இறக்கி வைப்பதற்காக, நிமிர்ந்த இரண்டு கற்களின் மேல் கிடத்திய பலகைக்கல். அதைப் பாதுகாக்கக் குடியிருப்பில் ஒரு குழு அமைத்தோம். பொறுப்பு என்னுடையது. சுவரொட்டிகளைச் சுரண்டிக் கழுவி, சுற்றிலும் கம்பி வேலி போட்டுப் பூட்டினேன். பெருமை தாங்கவில்லை.

தினமும் அதில் கூடையை இறக்கும் கீரைக்காரர் செல்விக்குத்தான் கோபம். "இன்னா மேடம், கல்லு இன்னா தப்பு பண்ணுச்சு, ஜெயில்ல போட்டுட்டீங்க?"

"இது நம்ம பாரம்பரியம்க்கா, யாரும் தொடக் கூடாது" என்றேன். அதன்பின் அவர் கூடையைத் தரையில் இறக்கி, திரும்பத் தூக்கிவிட ஆள் தேடினார்.

சென்ற மாதம் கால்வாய் தோண்ட ஜேசிபி வந்தது. குழுவினர் அனைவரும் அவரவர் அலுவலகத்தில். காவலாளி போனில் சொன்னதும் ஐயப்பன்தாங்கலிலிருந்து ஆட்டோவில் பறந்து வந்தேன். வேலி பிய்ந்து கிடந்தது. கல்லுக்கும் ஜேசிபிக்கும் நடுவில் கூடையோடு உட்கார்ந்திருந்தார் செல்வி. "இத ஒடச்சிட்டா கூடைய உன் தலையிலயா எறக்குவேன், அண்ணாத்தே?" என்று ஓட்டுநரிடம் கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். கால்வாய் சற்று ஒதுங்கிப் போனது.

வேலியை மறுபடி போடவில்லை. இப்போது எந்தப் பழைய கல்லைப் பார்த்தாலும், அதை யார் புழங்குகிறார்கள் என்று விசாரித்த பிறகே கை வைக்கிறேன். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், செல்வியின் கூடைக்குப் பக்கத்தில் என் லேப்டாப் பையையும் சற்று நேரம் இறக்கி வைக்கிறேன்.