மூன்று முறை போன ஃபியூஸ்

திருவாரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மருதையனின் தகரக் கொட்டகை இருந்தது. லாரியோ டிராக்டரோ, வயரிங் கோளாறு என்றால் அவனிடம்தான் வருவார்கள். அவனுடைய அம்மாவும் அக்காவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவன் மட்டும் சின்ன வயதிலேயே கலந்தர் பாய் பட்டறைக்குப் பேட்டரி கழுவப் போய்த் தொழில் கற்றுக்கொண்டான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதம், அவன் பிறந்த ஊர் பண்ணைக்காரர் ராமசுப்பிரமணியன் ஆள் அனுப்பினார். அந்த வருஷம்தான் அவர் அறுவடை மெஷினை முதன்முதலாக வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார். அறுப்பு வேலை போய்விடும் என்று ஊரார் இரண்டு நாள் வரப்பில் நின்று மறித்தார்கள். மூன்றாம் நாள் போலீஸ் காவலோடு மெஷின் வயலில் இறங்கியது. அரை மணியில் ஃபியூஸ் போய் என்ஜின் நின்றது. புதிது போட்டார்கள், அதுவும் போனது. மூன்றாவதும் போனது.

"எவனோ வயரை நறுக்கியிருக்கான்" என்றார் ராமசுப்பிரமணியன். "விடியக்காலம் ராஜாங்கம் இந்தப் பக்கம் நின்னதைக் காரியஸ்தர் பார்த்திருக்கார். நறுக்கின இடத்தை ஏட்டுகிட்ட காட்டிடு, போதும்."

ராஜாங்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். மருதையனின் அக்கா அம்சத்தின் புருஷன். அது பண்ணைக்காரருக்குத் தெரியாததல்ல. பக்கத்தில் மன்னார்குடியில் இல்லாத மெக்கானிக்கா, என்னை எதற்கு அழைத்தார்? என் வாயாலேயே மாமாவை மாட்டிவிடவா? மருதையன் வரப்பைப் பார்த்தான். அரிவாளோடு நின்ற பெண்களுக்குப் பின்னால் ராஜாங்கம் நின்றார். இவன் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவேளை அவர்தான் நறுக்கியிருப்பாரோ?

முதலில் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேயைக் கழற்றி, ஹாரனுக்கு இருந்த ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தான். ரிலேயில் கோளாறில்லை. என்ஜினுக்கு டீசல் திறந்துவிடும் மின்வால்வுக்குப் போகும் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கோத்தான். வயர் எங்காவது மெஷினின் இரும்புப் பாடியில் பட்டால் பல்பு எரியும். எரியவில்லை. வயர்க் கட்டைச் சாண் சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனான். டிரைவர் சீட்டுக்கு அடியில், ஒரு இரும்புப் பட்டையின் ஓரத்தில் வயரை ஆட்டியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

குனிந்து பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. கத்தி பட்ட தடம் இருந்தால் என்ன சொல்வது?

துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தான். ரப்பர் தேய்ந்து போயிருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. ஏட்டைக் கூப்பிட்டான்.

"விடியக்காலம் நறுக்குனதா இருந்தா செம்பு பளபளன்னு இருக்கும். இது மாசக்கணக்கா பட்டையில உரசித் தேஞ்சதுங்க."

"மச்சினனாச்சே, வேற எப்படிச் சொல்லுவே?" என்றார் ராமசுப்பிரமணியன்.

மருதையன் மெஷின் டிரைவரிடம் திரும்பினான். "இதுக்கு முன்னால ஃபியூஸ் போனதே இல்லையா?"

டிரைவர் தரையைப் பார்த்தார். "போன வாரம் வேற ஊர்ல ரெண்டு போச்சுங்க. சொன்னா வாடகைக்கு எடுக்க மாட்டாங்கன்னு சொல்லல."

ஏட்டு நோட்டை மூடினார். "சரி, ரிப்பேர் பண்ணு" என்றார் பண்ணைக்காரர்.

பெண்கள் எல்லோரும் அவன் கையையே பார்த்தார்கள். அப்படியே விட்டுப் போகலாம். ஆனால் நாளைக்கும் மெஷின் நின்றால் ராஜாங்கத்தின் பெயர்தான் மறுபடி வரும். மருதையன் டேப் சுற்றி, வயரைப் பட்டைக்கு மேலாக மாற்றிக் கட்டி ஃபியூஸ் போட்டான். மெஷின் ஓடியது. பெண்களோடு நின்ற அம்சம் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் பாராமல் போனாள்.

வழக்கு வரவில்லை. மெஷின் சேற்றில் புதைந்து ஓட முடியாத பள்ள வயலில் மட்டும் பெண்களுக்கு இரண்டு நாள் அறுப்பு கிடைத்தது. மருதையன் பண்ணைக்காரருக்கு விலைபோய்விட்டான் என்று தெருவில் பேசினார்கள். அம்சம் ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, உண்மையச் சொல்லு. அது தானாத் தேஞ்சதா? இல்ல அவுரு அறுத்து, நீ மறைச்சியா?"

"தானாத் தேஞ்சதுதான்க்கா."

"அப்ப விடியக்காலம் அங்க ஏன் நின்னாரு?"

"மாமாவையே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். சிரிக்கிறாரு" என்றாள் அம்சம். தம்பி முகத்தையே சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். அவன் சொன்னதை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

"வீட்டுக்கு வா, சாப்புட்டுப் போவலாம்" என்றான் மருதையன். அவள் எழுந்து வந்தாள்.