நெற்றி எண்ணெய்

முப்பதுகளில் ஒரு சாரல் காலம். குற்றாலம் பேரருவிக் கரையில், உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, ஊறட்டும் என்று ஒருவர் பாறையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், கண்ணை இமைப்பதே அபூர்வம். என் கையிலிருந்த வாரப் பத்திரிகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அண்ணாச்சியும் நம்ம மாயக்கதைக்காரரைப் படிக்கியளா?”

படிப்பதாவது! அந்தப் பத்திரிகையில் வாராவாரம் வரும் அவர் தொடருக்கு நான் அடிமை. மந்திரவாதி, பேசும் கழுகு என்று இருவரும் ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தோம். எல்லோரும் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார்கள். அவர் பெருவிரலால் நெற்றி எண்ணெயைத் தொட்டுப் புரட்டினார்.

“கிணத்துல விழுந்த இளவரசி எப்படி வெளிய வருவா?” என்றேன்.

“கிணத்துல இருந்து எங்க வாரா? அரமனைக் கண்ணாடியில இருந்துல்லா இறங்கி வாரா.”

“அது அடுத்த வாரக் கதையாச்சே! உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வாசிச்சாச்சு அண்ணாச்சி. கடைசி முடிவையும் சொல்லட்டா?”

“ஐயோ, வேண்டாம். கெடுத்துராதிய!”

சிரித்துக்கொண்டே அருவிக்குள் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தென்காசி ஸ்டேஷனில் பத்திரிகைக் கட்டை என் கண்ணெதிரேதான் பிரித்தார்கள். முதல் பிரதி எனக்கு. இளவரசி கண்ணாடியிலிருந்து இறங்கினாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எண்ணெய் பட்ட பெருவிரல் ரேகை. அடியில், கதாசிரியர் காலமாகிவிட்டார், தொடர் இத்துடன் நிற்கிறது என்று கறுப்புக் கட்டத்தில் போட்டிருந்தது.

இன்றும் சாரல் விழுந்தால் குற்றாலம் போய், எண்ணெய் பூசிய முகங்களுக்குள் அவரைத் தேடுகிறேன். கண்டால் முடிவைக் கேட்பேனா, திரும்பிப் பாராமல் ஓடிவிடுவேனா, எனக்கே தெரியவில்லை.