பானெட்டுக்குப் பின்னால் ஒரு கால்

என் கணவர் இறந்த பிறகு அவருடைய பழைய கார் சண்டித்தனம் செய்யத் தொடங்கியபோது, அது அவர் வேலைதான் என்று மத்தூரில் இருந்த அவர் குடும்பம் முழுவதும் நம்பியது. நான் நம்பவில்லை. ஆவி, பேய் என்று பேச்செடுத்தாலே புத்தகத்தோடு அடுத்த அறைக்குப் போய்விடுகிறவள் நான்; இதைச் சொல்கிற இன்றும் அப்படித்தான். ஆகவே நீங்கள் சந்தேகப்பட்டால் வருந்த மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்படத்தான் செய்வேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. வீடு ஓசூரில், அஞ்செட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்குத் தமிழாசிரியை வேலை. அந்த மலைப் பாதையில் பேருந்தை நம்பினால் முதல் பாடவேளைக்குப் போய்ச் சேர முடியாது. கார் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் மகளைக் கூட்டிக்கொண்டு மத்தூர் வீட்டில் போய் ஒடுங்க வேண்டியதுதான். காரோ ஓடும்போது ஒழுங்காக ஓடும். நின்றால் போதும், இன்ஜின் தானாக உறுமி ஏறும், தேய்ந்து இறங்கும், மறுபடி ஏறும், கடைசியில் குலுங்கி அணைந்துவிடும். மெக்கானிக்குகள் பிளக் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள், எதையோ திருகிக் கொடுத்தார்கள். தேன்கனிக்கோட்டை தாண்டுவதற்குள் பழைய கதைதான்.

"எம் மவன்தான் உன்ன வேலைக்குப் போவ வேணாங்கறான் கண்ணு, உனக்குத்தான் புரியல" என்றார் மாமியார்.

"இருந்தப்ப ஒரு நாளும் அப்படிச் சொல்லாதவரு, போன பொறவா அத்தை சொல்லுவாரு?" என்றேன்.

கணவரின் தம்பி சேகர், காரை எடைக்குப் போட ஆளைப் பேசிவிட்டு, ஒரு ஞாயிறு காலை அம்மாவுடன் வந்திறங்கினார். நானோ அதற்குள் கார் இன்ஜினைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன். இன்ஜினுக்குள் போகக் கூடாத வழியில் காற்று போனால் அது இப்படித்தான் தள்ளாடும். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்தால், எதைப் பிடிக்கும்போது தள்ளாட்டம் நிற்கிறதோ அதுதான் ஓட்டை. அதுவரை அணைந்துவிடாமல் ஒருவர் ஆக்சிலேட்டரை மிதித்திருக்க வேண்டும்.

"உக்காந்து மிதிச்சா போதும் தம்பி. அப்பவும் சரியாவலன்னா நானே தள்ளிவிடறேன், எடுத்துட்டுப் போங்க."

"நீங்க தமிழ் டீச்சரா, மெக்கானிக்கா அண்ணி?" என்று சிரித்தபடி சேகர் உட்கார்ந்தார்.

பானெட்டைத் தூக்கிவிட்டால் இருக்கையில் இருப்பவர் தெரிவதில்லை. குரல் கொடுப்பதும் கால் கேட்பதும்தான் அந்த வேலை. கணவர் இருந்தபோது ஞாயிறுகளில் அவர் குனிந்திருப்பார், நான் மிதிப்பேன். "மிதிங்க" என்றேன், ஏறியது. "கொஞ்சம் கொறைங்க", இறங்கியது. போகப் போக, சொல் வாயை விட்டு முழுதும் வருமுன்னே அந்தக் கால் புரிந்துகொண்டது. சேகருக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று வியந்துகொண்டே குழாய் குழாயாகப் பிடித்துப் பார்த்தேன். பிரேக்குக்குப் போகும் தடித்த குழாயின் அடிப்பக்கம் விரலில் பிளவு தட்டியது. இறுக்கி மூடினேன். "காலை எடுத்துடுங்க" என்றேன். இன்ஜின் தையல் மிஷினைப் போல ஒரே சீராக ஓடியது.

நான் குழாயை விடவில்லை. அப்போது இன்ஜின் மெல்ல ஒரு முறை உறுமியது, மறுபடி ஒரு முறை, பிறகு பழையபடி சீரான ஓட்டத்துக்கு அடங்கியது. என் கணவர் வீட்டு வாசலில் காரை அணைக்குமுன் அப்படித்தான் செய்வார். அதைக் கேட்டுத்தான் மகள் வாசலுக்கு ஓடுவாள்.

எனக்குக் கோபம் வந்தது. "கிண்டலா தம்பி?"

"என்ன அண்ணி?"

குரல் என் முதுகுக்குப் பின்னால், தெருவிலிருந்து வந்தது. காதில் செல்போனோடு நின்றிருந்தார் சேகர். "போன் வந்துச்சு, அப்பவே எறங்கிட்டேனே. நீங்கதான் முன்னாடி ஆக்சிலேட்டர் கம்பிய கையால இழுத்துப் புடிச்சு ஓட்டறீங்கன்னு நெனச்சேன்."

என் கை குழாயில் இருந்தது. மறு கை பானெட்டின் விளிம்பில். சுற்றிப் போய்ப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது, இருக்கை காலி. மாமியார் உள்ளே மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

காரை அணைத்துவிட்டு, குழாயைக் கழற்றிச் சேகர் முன்னால் நீட்டினேன். "பாருங்க. உங்க அண்ணன் இல்ல, ஓட்டை." அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, வெறும் ரப்பரு!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார். எடைக்காரரை வர வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். புதுக் குழாய் மாட்டினேன், வேலைக்குப் போனேன், ஓய்வு பெறும்வரை போனேன்.

மற்றதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எனக்காக மிதித்த அந்தக் காலின் பெயராலேயே என்னை மத்தூருக்கு இழுத்துப் போயிருப்பார்கள். கோளாறு ஓட்டையால்தான் வந்தது. அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஓட்டை இருந்தவரை இன்ஜின் தானாகவே ஏறி இறங்கியிருக்கும், நான் சொன்ன நேரத்தோடு அது ஒத்துப்போயிருக்கும் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்தக் கடைசி இரண்டு உறுமல்கள் வந்தபோது ஓட்டை என் விரல்களுக்குள் மூடியிருந்தது. அங்கேதான் என் வாதம் நின்றுவிடுகிறது.

மாமியார் காலமாகிவிட்டார். மகள் பெங்களூரில் இருக்கிறாள். பானெட்டைத் திறக்க நேர்ந்தால், அந்தக் கால் கேட்டுவிடுமோ என்று நான் வாய் திறப்பதில்லை. ஓசூர் வீட்டில் இப்போது நானும் அந்தக் காரும் இருக்கிறோம்.