பதினான்கு மாதம் பழுதாகாத கருவியைப் பற்றி விசாரிக்கக் கொட்டாஞ்சேனைக்கு

சென்ற வியாழக்கிழமை நான் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டதற்குக் காரணம் ஒரு பூச்சியம். வளைகுடாவில் உள்ள ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் பதிவேடுகளைப் பார்த்து, அங்குள்ள தானியங்கிக் கருவிகள் எத்தனை தடவை பழுதாகின்றன என்று வெள்ளவத்தையில் இருந்தபடியே கணக்கிடுவது என் தொழில். ஒரு தாங்கியின் எண்ணெய் மட்டத்தைக் காக்கும் கருவி பதினான்கு மாதத்தில் ஒரு தடவையும் பழுதாகவில்லையாம். என் வீட்டு ரைஸ் குக்கரே மாதம் ஒருமுறை குழப்படி செய்யும்! மறுநாள் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்தப் பூச்சியத்தை நம்பினால், கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஷிப்டுக்கு நிற்கும் இருவரில் ஒருவரைக் குறைத்துவிடுவார்கள். நம்புவதா, விடுவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நல்லகாலம், அதே அறையில் வேலை செய்யும் குமரன் அண்ணை லீவில் வந்து கொட்டாஞ்சேனையில் நின்றார். காலை 9.10க்குக் காலி வீதியில் நூறாம் இலக்க பஸ். புறக்கோட்டைக்கு எட்டுக் கிலோமீற்றர், ஐம்பத்தைந்து நிமிடம், எண்பது ரூபாய். அங்கிருந்து ஓட்டோ. “அய்யே, கொட்டஹேனட்ட கீயத?” என்று ஓட்டோக்காரரிடம் சிங்களத்தில் விலை கேட்டேன். முந்நூற்றைம்பது என்றார், பேரம் பேசப் பொறுமை இல்லாமல் ஏறிவிட்டேன். குமரன் அண்ணையின் வீட்டில் போய் இருந்ததும் நேரே கேட்டேன்.

“அண்ணை, அந்தக் கருவி உண்மையிலேயே பழுதாகிறேல்லையோ?”

“பழுதாக விட்டாத்தானே!” என்று சிரித்தார். “மட்டம் ஆடத் தொடங்கினா கருவியை விலக்கி மெனுவலுக்கு மாத்திப்போட்டு, ஒராள் ஸ்கிரீனைப் பாக்க மற்றாள் தானே வால்வைத் திறந்து மூடுவம். அடங்கினாப் பிறகு திரும்பக் கருவியிட்ட விட்டிடுவம்.”

“அதை எழுதிறேல்லையோ?”

“ஆலை நிண்டாத்தான் பழுது எண்டு எழுதுறது. கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் நடக்கிறதை எழுதினா, வேலை தெரியாதவன் எண்டெல்லோ நினைப்பினம்.”

ஐயோ! அப்படியானால் நான் இவ்வளவு நாளும் யாருடைய நம்பகத்தன்மையை அளந்தேன்? கருவியுடையதா, இந்த மனிதருடையதா? ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றது.

“இப்ப எழுதினா ஒளிச்சதெண்டு பிடிப்பினம். எழுதாட்டி ஆளைக் குறைப்பினம். நான் என்ன செய்யிறது தங்கச்சி?”

 தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பினேன்.

நீங்களும் இப்படி விசாரிக்கப் புறப்பட்டால், ஒன்பது மணிக்கு முன் பஸ் ஏறாதீர்கள், நிற்கவும் இடம் கிடைக்காது. மெனுவலுக்கு மாற்றிய நேரங்களைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் போட்ட கணக்கை நான் இனி நம்பமாட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை அறிக்கையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது குமரன் அண்ணையின் வாட்ஸ்அப் வந்தது.

“மெனுவலுக்கு மாத்தினதில ஞாபகம் இருக்கிற எல்லாத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறன். அறிக்கையில என்ர பேரையும் போட்டே குடுங்கோ. தனி ஆளா அந்த அறையில நிண்டு பிடிக்கேலாது, தங்கச்சி.”